டெஸ்ட் அன்றைக்கு மட்டும் வயிற்றுவலி: பள்ளியில் போய் என்ன கேட்பது?

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பத்தாவது படிக்கிற மகனுக்குக் காலையும் சாயங்காலமும் ஸ்பெஷல் கிளாஸ், தினமும் டெஸ்ட். டெஸ்ட் அன்றைக்குக் காலையில் வயிற்றுவலி, ஒரு வாய் இறங்காது. பள்ளியில் சண்டை போடலாமா, வேறு பள்ளிக்கு மாற்றலாமா?"

முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் அம்மா. வேறு கோளாறு இல்லையென்றால் பயம்தான். ஆனால் பயத்தில் வருகிற வலியும் நிஜ வலிதான், "சும்மா சொல்லுதான்" என்று விட்டுவிடாதீர்கள்.

நடுவில் பள்ளி மாற்ற வேண்டாம், போகிற இடத்திலும் இதே டெஸ்ட்தான். சண்டையும் வேண்டாம், ஆசிரியர்களுக்கும் ஒரு பயம் இருக்கிறது. பொதுத்தேர்வு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது, சரி, ஆனால் தேர்ச்சி சதவீதம் மாவட்டவாரியாக இன்னும் வருகிறது. பாடவாரியாகக் கணக்கெடுத்து, குறைந்தால் அந்த ஆசிரியர்தான் மீட்டிங்கில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அந்தப் பயம்தான் பி.டி. பீரியடைப் பிடுங்கிக்கொண்டு டெஸ்டாக உங்கள் மகன் தலையில் இறங்குகிறது.

இதில் படிப்பு கூடுகிறதா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு மார்க் கேள்விக்கு விடையைப் படிக்காமல் 'இ', 'ஆ' என்று எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் உண்டு. விடைகளின் வரிசையை மாற்றிக் கொடுத்தால் அப்படியே முழிப்பார்கள். தினமும் டெஸ்ட் வைத்தால் திருத்தவே நேரம் போதாது, எங்கே தப்பு என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆசிரியருக்கு ஏது நேரம்?

அதனால் வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள், பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். வலியைச் சொல்லிவிட்டு இரண்டே விஷயம் கேளுங்கள்: வாரத்தில் இரண்டு நாள் டெஸ்டுக்குப் பதில், திருத்திய பேப்பரை வைத்துத் தப்பை அவனே சரிசெய்து எழுதட்டும், மார்க்கை வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டாம். முதல் கோரிக்கை ஆசிரியரின் திருத்துகிற சுமையையும் குறைக்கும் என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வீட்டில் மார்க் பேச்சைக் குறையுங்கள், தூக்கத்தில் கை வைக்காதீர்கள். அப்புறம் மகனிடம் இதை வெளிப்படையாகவே சொல்லுங்கள்: பாஸ் மார்க் 35, ஒரு பாடம் போனாலும் துணைத்தேர்வு எழுதி அதே வருஷம் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம்.

"செத்துப்போகலாம் போலிருக்கு" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். உடனே அரசின் மருத்துவ உதவி எண் 104க்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.