சேஃப்டி, செக்யூரிட்டி, சேஃப்கார்ட்ஸ்: ரஷ்ய மொழியில் மூன்றுக்கும் ஒரே சொல்தானா?

அணுமின் துறை ஆவணம் ஒன்றை மொழிபெயர்க்கும்போதுதான் இக்கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும் என்று எண்ணுகிறேன். விபத்தைத் தடுக்கும் சேஃப்டி, திருட்டையும் நாசவேலையையும் தடுக்கும் செக்யூரிட்டி, அணுப்பொருள் ஆயுதத்துக்குத் திருப்பப்படவில்லை என்று சரிபார்க்கும் சேஃப்கார்ட்ஸ் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வருவது பெரும்பாலும் அங்கேதான்.

முதல் இரண்டுக்கும் ரஷ்ய மொழியின் பொதுச்சொல் 'பெஸபாஸ்னஸ்த்'. 'பெஸ்' என்றால் இல்லாமல், 'அபாஸ்னஸ்த்' என்றால் ஆபத்து. காரின் இருக்கைப் பட்டைக்கும் ஐ.நா. பாதுகாப்பு அவைக்கும் பெயரில் அதே சொல்தான். சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் கடைசி எழுத்தும் அதையே குறிக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பயிற்சிக் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்குப் பெயர்க்கும் பணி எனக்குக் கிடைத்தது. அத்தியாயங்களைத் தராமல், தலைப்புகளை மட்டும் முதலில் அனுப்பினார்கள். இரண்டு சொற்களும் சேர்ந்து வந்த தலைப்பில் ஒரே சொல்லை இருமுறை எழுத மனம் வராமல், செக்யூரிட்டிக்கு 'அஹ்ரானா' என்று எழுதினேன். சரிபார்த்த ரஷ்யப் பொறியாளர் அதை அடித்துவிட்டார். 'அஹ்ரானா' என்றால் காவல். வாயிலில் நிற்பவரின் வேலை. அந்த அத்தியாயமோ, உள்ளே பணிபுரிபவரே அணுப்பொருளைக் கடத்திவிடாமல் தடுப்பதைப் பற்றியும் பேசியது. அவர் சொன்னது நியாயம். ஆனால் அத்தியாயத்தைக் கண்ணில் காட்டாமலே வேலை வாங்கியவர்கள் என் ஊதியத்தில் பிடித்தம் செய்ததை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

சர்வதேச அணுசக்தி முகமையின் ரஷ்ய வெளியீடுகள் செக்யூரிட்டிக்கு 'ஃபிஸீச்செஸ்கயா' (பௌதிக) என்னும் அடைமொழியைச் சேர்த்துப் பிரித்துக் காட்டுகின்றன. 1994ஆம் ஆண்டின் அணு பாதுகாப்பு உடன்படிக்கையின் ரஷ்யப் பெயரில் அவ்வடைமொழி இல்லை. அணுப்பொருள்களைக் காப்பது குறித்த 1980ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அது 'ஸஷீத்தா', அதாவது காப்பு, என்னும் சொல்லோடு சேர்ந்து நிற்கிறது.

இதனால் ரஷ்ய மொழி சொல்வளம் குறைந்தது என்று யாரும் வாதிட வேண்டாம். தமிழில் நாமும் இரண்டையும் 'பாதுகாப்பு' என்றே எழுதுகிறோம். மேலும், ஆங்கிலம் சேஃப்டி என்று சொல்லும் பணியிடப் பாதுகாப்புக்கு ரஷ்யர்கள் வழங்கும் பெயர் 'அஹ்ரானா த்ருதா', உழைப்பின் காவல். நான் தவறாக எழுதிய அதே சொல் அங்கே மிகச் சரியானது.

மூன்றாவது சொல்லில்தான் கூடுதல் கவனம் தேவை. சேஃப்கார்ட்ஸ் என்பதற்கு முகமை வழங்குவது 'கராந்தியா' என்பதன் பன்மை. இயந்திரம் வாங்கும்போது விற்பவர் தரும் உத்தரவாதத்துக்கும் அதே சொல்தான். ஒப்பந்தத்தில் அதைக் கண்டால், பேசப்படுவது முகமையின் ஆய்வாளர்கள் நடத்தும் சரிபார்ப்பா, பழுதான பாகத்தை மாற்றித் தரும் பொறுப்பா என்று முழுப் பத்தியையும் படித்த பிறகே எழுதுங்கள்.