தண்டர்பேர்ட் புதுப்பித்த பிறகு கையொப்பம் சரிபார்க்கப்படவில்லையா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் ஆலை ஒன்றின் அலுவலகப் பணியைப் பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: "ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளர் ஒவ்வொரு கொள்முதல் ஆணையையும் ஓபன்பிஜிபி (மடலை அனுப்பியவர் யார் என்று உறுதிசெய்ய உதவும் மின்னணு முறை) கையொப்பமிட்டே மின்னஞ்சலில் அனுப்புவார். தண்டர்பேர்ட் 68 என்ற மின்னஞ்சல் மென்பொருள், அதில் ஓபன்பிஜிபி வசதியைச் சேர்க்கும் எனிக்மெயில் என்ற நீட்சி இரண்டையும் வைத்துச் சரிபார்த்துவந்தோம். சென்ற வாரம் கணினி மாறியதும் புதிய தண்டர்பேர்டைப் போட்டார்கள். இப்போது அவருடைய பழைய மடல்களில்கூட, கையொப்பம் சரியானதா என்று உறுதியாகவில்லை என வருகிறது. சீசன் நேரம். சரிபார்க்காமல் ஆணையை ஏற்றுக்கொள்ளலாமா?"

வேண்டாம். இரண்டு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. இறக்கும் துறைமுகத்தை மாற்றச் சொல்லிப் போலி மடல் ஒன்று வந்தால், கண்டெய்னர் கண்டெய்னராகச் சரக்கு போய்விடும்.

பழைய மடல்களுக்கும் அதே செய்தி வருவதாக நீங்கள் எழுதியதுதான் முக்கியமான தடயம். அன்று சரியாக இருந்த கையொப்பம் இன்று கெட்டுப்போகாது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும் வாடிக்கையாளரின் மின்னணுச் சாவிதான் புதிய தண்டர்பேர்டில் இல்லை. வங்கிக் கிளை புதிய கட்டடத்துக்கு மாறி, மாதிரிக் கையெழுத்து அட்டைகள் பழைய கட்டடத்திலேயே தங்கிவிட்டது போன்ற நிலை இது. எனிக்மெயில் குனுபிஜி என்ற குறியாக்க மென்பொருளின் சாவிக்கொத்தைப் பயன்படுத்தியது. 2020-இல் வந்த தண்டர்பேர்ட் 78 முதல் ஓபன்பிஜிபி உள்ளேயே அமைந்துவிட்டது. அது சாவிகளைத் தனியாகத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது, பழைய கொத்தைத் திறந்துபார்ப்பதில்லை.

ஆகவே பழைய கணினியில் கிளியோபாட்ரா என்ற சாவி மேலாண்மை மென்பொருளைத் திறந்து, வாடிக்கையாளரின் பொதுச்சாவியை (அவருடைய கையொப்பத்தைச் சோதிக்கும் சாவி) கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். புதிய தண்டர்பேர்டின் ஓபன்பிஜிபி சாவி மேலாளரில் அதை இறக்குமதி செய்யுங்கள். நீங்களும் கையொப்பமிடுபவர் என்றால் உங்கள் ரகசியச் சாவியையும் அதே போலக் கொண்டுவர வேண்டும்.

பலரும் இதோடு நிறுத்திவிட்டுத் திண்டாடுகிறார்கள். சாவி வந்துவிட்டால் போதாது, அதை ஏற்பதாக நீங்கள் சொல்லவும் வேண்டும். பழைய மென்பொருளில் கொடுத்த நம்பிக்கை நிலை இங்கே செல்லாது. சாவியின் விவரத் திரையில் 'சரிபார்த்துவிட்டேன்' என்பதைத் தேர்ந்தெடுக்கும் முன், வாடிக்கையாளரை நீங்கள் முன்பே அறிந்த எண்ணில் அழைத்து 40 எழுத்து விரல்ரேகையை (சாவியை அடையாளம் காட்டும் குறியீடு) வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். "இதோ என் புதிய சாவி" என்று மின்னஞ்சலில் வருவதை மட்டும் நம்பி ஏற்றுவிடாதீர்கள்.

இதன் பிறகும் சரியாகவில்லை என்றால் ஷா-1 (கையொப்பமிடும்போது மடலை ஒரு சிறு மதிப்பாகச் சுருக்கும் பழைய முறை) மீது சந்தேகப்படுங்கள். ஒரே ஷா-1 மதிப்புள்ள இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை உருவாக்க முடியும் என்று 2017-இல் நிரூபித்துவிட்டார்கள். அதனால் அண்மைக் காலத்தில் ஷா-1 கொண்டு இட்ட கையொப்பங்களைப் புதிய பதிப்புகள் ஏற்பதில்லை. அதை உங்கள் பக்கம் திருத்த முடியாது. ஷா-256 என்ற வலுவான முறைக்கு மாறும்படி வாடிக்கையாளரிடம்தான் கேட்க வேண்டும். புதிய மடல்களில் மட்டும் 'செல்லாத கையொப்பம்' என்று வந்தால் காரணம் வேறு: வழியில் ஏதேனும் சர்வரோ வைரஸ் தடுப்பு மென்பொருளோ மடலின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கலாம், அல்லது யாரோ மடலையே மாற்றியிருக்கலாம். அந்த ஆணையைத் தொலைபேசியில் உறுதி செய்யாமல் லாரியை அனுப்பாதீர்கள்.

எல்லாம் சரியாகும்வரை பழைய கணினியின் வன்தட்டை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.