ரிட்டயர் ஆனப்புறம் வீட்டுலயே தொழில் ஆரம்பிக்க எவ்வளவு முதல் போடலாம்?

58 வயசுல கம்பெனில ரிட்டயர் ஆகப்போறேன், சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம், கைக்கு வர்ற பணத்துல எவ்வளவு போட்டு வீட்டுலயே தொழில் தொடங்கலாம்னு கேட்டிருக்கீங்க. அந்தப் பணத்துல இருந்து ஒரு ரூபா கூட எடுக்காதீங்க, அதோட வட்டி போதும்.

நான் கிராம சுகாதார நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, உச்சிப்புளி பக்கம் வீடு, இப்ப மிளகாப்பொடியும் மீன் குழம்பு மசாலாவும் போட்டு விக்கிறேன். போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம் இருக்குல்ல, அதுல 30 லட்சம் வரைக்கும் போடலாம், 60 ஆகலைன்னாலும் 55 தாண்டி ரிட்டயர் ஆனவங்க பணம் கைக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள போட்டா சேத்துக்குவாங்க, வட்டி மூணு மாசத்துக்கு ஒருதடவை வரும். ஏப்ரல் ஒண்ணாம் தேதி வர்ற வட்டி நம்ம ஊரு முண்டு வத்தல், அதான் குண்டு குண்டா இருக்கிற மிளகா வத்தல், வரத்து நேரத்துலயே கைக்கு வந்துரும். அந்த ஒரு வட்டிக்கு எவ்வளவு வத்தல் வாங்க முடியுமோ அதுதான் உங்க முதல் வருஷத் தொழிலு, அதுக்கு மேல வேண்டாம்.

ஏன் பொடின்னு கேப்பீங்க. நம்ம பக்கம் தண்ணி உப்பு, குடிக்கவே குடம் கணக்குல வாங்குறோம். இட்லி மாவு, ஊறுகா, பலகாரம்னு எது தொட்டாலும் பாத்திரம் கழுவுறதுல இருந்தே நல்ல தண்ணி வேணும், அந்தச் செலவுலயே லாபம் போயிரும். வத்தல், மல்லி, கருவாடு, கருப்பட்டி இதெல்லாம் விளையுற இடத்துலயே நாம இருக்கோம், முண்டு வத்தலுக்கு 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு, இதை விட்டுட்டு வேற எங்க தேடணும்?

ஆனா வாங்குறதை விட வைக்கிறதுதான் பெரிய வேலை. வத்தலைக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள விதை கலகலன்னு சத்தம் வரணும், வரலைன்னா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். மொட்டை மாடில காயப்போட்டா வெயில் தாழுறதுக்கு முன்னாடியே அள்ளி உள்ள கொண்டு வந்துரணும், சாயங்காலம் கடல் காத்து அடிச்சா பகல் பூரா காஞ்சது நமுத்துப் போயிரும். வெளுத்தது கறுத்தது எல்லாம் பொறுக்கித் தள்ளணும், அதுல பூஞ்சை இருந்தா மொத்தப் பொடியும் கெட்டுரும். காம்பு கிள்ள பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களைக் கூப்பிடுறேன், கிலோவுக்கு இவ்வளவுன்னு பேசி அன்னைக்கே கையில குடுத்துருவேன், நமக்கு முட்டி வலி, அவங்களுக்கு ஒரு வருமானம், காசை மறுநாளைக்குத் தள்ளாதீங்க.

மில்லுக்குக் காலைல மொத ஆளாப் போங்க, முந்தின ஆளு எதை அரைச்சாங்களோ அது உங்க பொடில கலந்துரும். அரைச்சு வர்ற பொடி கொதிக்கக் கொதிக்க இருக்கும், அதை அப்படியே கவர்ல போட்டு சீல் வச்சா உள்ள வேர்த்து கட்டி கட்டியா ஆயிரும், வெள்ளைத் துணில பரப்பி நல்லா ஆற விட்டு அப்புறம்தான் பாக்கெட் போடணும். இதுல அவசரப்படவே கூடாது, சாப்பிடுற பொருள் இது.

ஐப்பசி கார்த்திகைல மழை புடிச்சா எதுவும் காயாது, நான் புதுசா எதையும் போடுறதில்ல, இருக்கிற ஸ்டாக்கை வித்துட்டு ஓய்வு எடுப்பேன். இந்த வயசுல வருஷம் பூரா ஓடுற தொழில் நமக்கு எதுக்குங்க.

ரிட்டயர் ஆனது தெரிஞ்சாலே ஆளுங்க வருவாங்க, கற்பூர மெஷின், பேப்பர் தட்டு மெஷின் வாங்குங்க சரக்கை நாங்களே திருப்பி எடுத்துக்கிறோம்பாங்க. எங்க சொந்தத்துலயே ஒருத்தரு பிஎஃப் பணத்தைப் போட்டு மெஷினு வாங்கினாரு, ரெண்டு லோடு எடுத்தாங்க, அப்புறம் போனையே எடுக்கல. மெஷினு இன்னும் திண்ணைல தார்ப்பாய் மூடிக் கெடக்கு. தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போயிராதீங்க.

பேப்பர் வேலைன்னு பாத்தா, சாப்பாட்டுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற மத்திய அரசு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட பதிவு கட்டாயம், சின்ன அளவுக்கு பீஸ் கம்மிதான், அந்த 14 இலக்க நம்பரை எடை, பேக் பண்ண தேதி, விலையோட சேத்து லேபிள்ல போடணும். உத்யம்னு சின்னத் தொழில் பண்றவங்களுக்கான அரசாங்கப் பதிவு ஒண்ணு இருக்கு, ஆதார், பான் இருந்தா ஃப்ரீ, யாராச்சும் அரசாங்க பீஸுன்னு காசு கேட்டா நம்பாதீங்க.

விக்கிறதுக்கு வாட்ஸ்அப் போதும், வெளியூர்ல இருக்கிற நம்ம ஊர் ஆளுங்கதான் மொத கஸ்டமர், அவங்களுக்கு இந்தக் காரம் அங்க கிடைக்காது. சென்னை, மதுரை, கோயம்புத்தூர்னு தமிழ்நாட்டுக்குள்ளயே முதல்ல அனுப்புங்க. பெங்களூரு, கேரளான்னு வெளி மாநிலத்துக்கு சரக்கு வித்தா வியாபாரம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஜிஎஸ்டி நம்பர் எடுத்தாகணும், அதனால மொத வருஷம் அந்த ஆர்டரைக் கேட்டாலும் வேண்டாம்னு சொல்லிருங்க.