அப்பாவுக்கு எல்லாமே ரெண்டு ரெண்டா தெரியுது, ஆபரேஷன் வேணுமா டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு, ரொம்ப வருஷமா சுகர் இருக்கு. போன வாரம் காலைல எந்திரிச்சதுல இருந்து எதைப் பாத்தாலும் ரெண்டா தெரியுதுங்கறார். வலது கண்ணு வெளிப்பக்கமா திரும்ப மாட்டேங்குது. எம்ஆர்ஐ நார்மல். கண்ணுல ஆபரேஷன் பண்ணணுமா?

பதில்: இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சே வேணாங்க. முதல்ல ஒரு கண்ணை மூடிப் பாக்கச் சொல்லுங்க, எந்தக் கண்ணை மூடினாலும் ரெட்டை போயிடுச்சுன்னா ரெண்டு கண்ணும் ஒரே திசைல சேந்து நிக்கலைன்னு அர்த்தம், ஒத்தைக் கண்ணுலயும் ரெண்டா தெரிஞ்சா அது பெரும்பாலும் பவர் இல்லன்னா கண்புரை சமாச்சாரம்.

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசை, அதுக்கு மூளைல இருந்து வர்ற நரம்பு மூணு. 6வது நரம்புக்கு ஒரே வேலைதான், கண்ணை வெளிப்பக்கம் இழுக்கறது, அப்பாவுக்கு அடிபட்டது அதுதான்னு தோணுது. 4வது போனா படி இறங்கும்போதும் படிக்கும்போதும் மேலயும் கீழயுமா ரெட்டை தெரியும். மிச்ச நாலு தசையும் 3வது நரம்பு கைல, இமையத் தூக்கறது, கண்மணியச் சுருக்கறதும் அதோட வேலை. திடீர்னு இமை தொங்கி கண்மணி பெருசாயிட்டா மூளை ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்துதோன்னு பாக்கணும், அது நாளைக்குப் போலாம்னு தள்ளிப்போடற விஷயமே இல்ல, நேரா எமர்ஜென்சிதான்.

சுகர், பிபி இருக்கவங்களுக்கு நரம்புக்கு ரத்தம் கொண்டுபோற பொடிக்குழாய் அடைச்சு இப்படி ஆகறது சகஜம், பெரும்பாலும் 3 மாசத்துல தானா சரியாகும். அதுவரைக்கும் ஏதாவது ஒரு கண்ணை மூடி வெச்சுக்கலாம், இல்லன்னா ரெட்டையைச் சேத்துக் காட்ட கண்ணாடில ஒட்டற ப்ரிஸம் ஸ்டிக்கர் கேளுங்க, வண்டி மட்டும் ஓட்ட விடாதீங்க. நரம்பு சத்து ஊசி போட்டா சீக்கிரம் சரியாகும்னு யாராவது சொல்வாங்க, அதால சீக்கிரமெல்லாம் சரியாகிடாது, ஆனா மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை சாப்பிடறார்னா பி12 சத்து குறைஞ்சிருக்கான்னு ஒருதடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க. சுகரும் பிபியும் கன்ட்ரோல்ல இருக்கறதுதான் முக்கியம்.

தலைவலி, மெல்லும்போது தாடை வலி இருந்தா உடனே சொல்லுங்க, இந்த வயசுல ரத்தக்குழாய் அழற்சியான்னு தெரிஞ்சுக்க இஎஸ்ஆர், சிஆர்பிங்கற ரத்த டெஸ்ட் பாத்தே ஆகணும், விட்டா பார்வையே போகலாம். வேற நரம்பும் சேந்துக்கிச்சுன்னாலோ 3 மாசத்துல அசைவு திரும்பலைன்னாலோ மறுபடி ஸ்கேன் வேணும். ஆபரேஷன் பத்தி 6 மாசம் கழிச்சு, கண்ணு கோணல் அப்படியே மாறாம நின்னா மட்டும் யோசிக்கலாம்.