கச்சேரியின் நடுவே விழும் இரண்டு வினாடி மௌனம்

கேள்வி: என் தந்தையார் கேசட்டில் பதிந்து வைத்திருந்த கர்நாடக இசைக் கச்சேரிகளைக் கணினியில் ஏற்றி, ஆலாபனை, கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் எனத் தனித்தனிக் கோப்புகளாக வெட்டி சிடியில் எழுதினேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒலி நின்று, சற்றுப் பொறுத்தே அடுத்தது தொடங்குகிறது. மென்பொருள் காட்டும் ‘டிராக் அட் ஒன்ஸ்’, ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ என்னும் முறைகளில் எது எனக்கு உகந்தது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ முறையையே தேர்ந்தெடுங்கள். நீங்கள் இதுவரை எழுதியது மற்ற முறையில் என்றே தோன்றுகிறது. ‘டிராக் அட் ஒன்ஸ்’ முறையில் ஒவ்வொரு டிராக்கும் முடிந்தவுடன் எழுதும் லேசர் அணைந்துவிடும்; அடுத்த டிராக்குக்காக அது மீண்டும் எரியத் தொடங்கும் இடத்தில் இணைப்புக்கென்று சில பிரிவுகள் (தகட்டில் தரவு எழுதப்படும் சிறு அலகுகள்) செலவாவதுடன், பொதுவாக 2 வினாடி இடைவெளியும் விழும். தனித்தனித் திரைப்பாடல்களுக்கு இது ஒரு குறையே அன்று. ஆனால் ஆலாபனையின் கடைசிச் சஞ்சாரத்திலிருந்து வயலின் தொடரும் இடத்திலோ, பல்லவி தனி ஆவர்த்தனத்துக்கு வழிவிடும் இடத்திலோ மௌனம் புகுந்தால் கச்சேரியின் ஓட்டமே அறுந்துபோகும்.

‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ முறையில் தகட்டின் தொடக்கப் பகுதி, இசை, முடிவுப் பகுதி ஆகிய மூன்றையும் லேசர் இடையில் எங்கும் அணையாமல் ஒரே ஓட்டத்தில் எழுதி முடிக்கும். டிராக் எண்கள் எங்கே மாற வேண்டும் என்பது மட்டும் குறிக்கப்படுமே தவிர, அங்கே ஒலி நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனினும் சில மென்பொருள்கள் இம்முறையிலும் தாமாகவே 2 வினாடி இடைவெளியைச் சேர்த்துவிடும் என்பதால், இரண்டாம் டிராக்கிலிருந்து இடைவெளியைப் பூஜ்யமாக மாற்றுங்கள். முதல் டிராக்குக்கு முன்னால் உள்ள 2 வினாடி, சிடியின் விதிப்படி இருந்தே ஆக வேண்டியது.

இவ்வளவும் செய்தபின் வெட்டிய இடத்தில் ‘டிக்’ என்று ஒலி கேட்டால், குற்றம் எழுதும் முறையில் இல்லை, வெட்டிய இடத்தில் இருக்கிறது. இசை சிடியில் ஒரு வினாடி என்பது 75 பிரிவுகள். வினாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்து எண்ணாகக் குறித்த புள்ளிகள்) என்ற கணக்கில் ஒரு பிரிவுக்கு 588 மாதிரிகள் வரும். கோப்பின் நீளம் 588ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால், மென்பொருள் கடைசிப் பிரிவின் மிச்சத்தை வெறுமையால் நிரப்பும். அதுவே காதுக்கு எட்டும் அந்தச் சிறு ஒலி. ஒலித்தொகுப்பு மென்பொருள்கள் பலவற்றில் சிடி பிரிவுகளின் எல்லையில் மட்டும் வெட்டும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கோப்புகளை எம்பி3 ஆக்காமல் வேவ் வடிவிலேயே வைத்திருப்பதும் அவசியம். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் இரு முனைகளிலும் சிறிது மௌனம் சேர்ந்துவிடுவதால், பின்னர் எந்த முறையில் எழுதினாலும் ஒட்டு தெரியும்.

ஒரே ஓட்டத்தில் எழுதும்போது கணினியிலிருந்து தரவு வருவது இடையில் தடைப்பட்டால் தகடு வீணாகும் என்ற அச்சம் முன்பு நியாயமானதாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் ‘பர்ன் ப்ரூஃப்’ நுட்பத்தைக் கொண்டுவந்த பிறகு, எழுதுவதை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்தே தொடரும் வசதி டிரைவ்களில் பரவலாயிற்று.

கேள்வி: சில பாடல்களை எழுதிய சிடியில் இடம் மிஞ்சியிருந்ததால், பின்னர் மேலும் சிலவற்றைச் சேர்த்தேன். கணினியில் எல்லாம் கேட்கின்றன. வீட்டு சிடி பிளேயரில் முதலில் எழுதியவை மட்டுமே வருகின்றன. ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதல் முறை எழுதி முடித்ததும் அந்த செஷனை, அதாவது ஒரு தொகுப்பாக எழுதி மூடப்படும் பகுதியை, மூடிவிட்டிருக்கிறீர்கள்; அதனால் பின்னர் சேர்த்தவை இரண்டாவது செஷனாக அமைந்துவிட்டன. சாதாரண இசை பிளேயர்கள் முதல் செஷனின் உள்ளடக்கப் பட்டியலை மட்டுமே படிக்கும். புகைப்படங்கள், ஆவணங்கள் போன்றவற்றை அவ்வப்போது சேர்ப்பதற்குப் பல செஷன் முறை நல்லதுதான்; ஆனால் முதல் செஷனை மூடும்போது சுமார் 22 மெகாபைட்டும், பின்னர் ஒவ்வொரு முறை மூடும்போதும் சுமார் 13 மெகாபைட்டும் இடம் அதற்கே போய்விடும் என்பதால் ஓரிரு கோப்புகளுக்காக ஒரு செஷன் தொடங்குவது வீண்.

பாடல்களைச் சிறுகச் சிறுகச் சேர்க்க விரும்பினால், ‘டிராக் அட் ஒன்ஸ்’ முறையில் செஷனை மூடாமல் எழுதிவாருங்கள். அதுவரையிலான பட்டியலைத் தகட்டின் உள்விளிம்பில் ஒரு தனி இடத்தில் டிரைவ் தற்காலிகமாகக் குறித்து வைத்துக்கொள்ளும். வீட்டு பிளேயரால் அதைப் படிக்க முடியாது. எல்லாப் பாடல்களும் சேர்ந்த பிறகு ‘ஃபைனலைஸ்’ செய்தால், முறையான உள்ளடக்கப் பட்டியல் எழுதப்பட்டு, அனைத்தும் பிளேயரில் ஒலிக்கும். இப்போது கையிலுள்ள சிடி, மீண்டும் எழுத முடியாத ‘சிடி-ஆர்’ வகையாக இருந்தால் அதைத் திருத்த வழியில்லை; பாடல்களைக் கணினிக்கு எடுத்து, புதிய தகட்டில் மொத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.