ஸ்கோர் அடிவாங்கிய பிறகு கிரெடிட் கார்டு: கேள்வி பதில்

சார், என் சிபில் ஸ்கோர் 580. மூன்று மாதத்தில் ஐந்து வங்கிகளில் கார்டு கேட்டேன், ஐந்திலும் இல்லை என்றுவிட்டார்கள். அடுத்து எங்கே கேட்கலாம்?

இப்போதைக்கு எங்கேயும் கேட்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் அறிக்கையில் தேதியோடு பதிவாகும். அடுத்தடுத்து ஐந்து இருந்தால் ஆறாவது வங்கி தயங்கத்தான் செய்யும். முதலில் முழு அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கிரெடிட் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரவேண்டும். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரிக் கட்டங்கள் இருக்கும்: 000 என்றால் பாக்கி இல்லை, 060 என்றால் 60 நாள் தாமதம். எந்தக் கடன் ஸ்கோரைக் கீழே இழுக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

பழைய பெர்சனல் லோனில் 1,10,000 பாக்கியை 70,000-க்குப் பேசி முடித்தேன். இன்னும் 'செட்டில்டு' என்றே காட்டுகிறதே, அண்ணா?

வங்கி 40,000 நஷ்டப்பட்டது என்று அதற்குப் பொருள். அந்தத் தொகையைக் கட்டினால் 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தருவீர்களா என்று வங்கிக்கு மெயில் அனுப்புங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். கட்டியதும் நோ டியூ சர்டிஃபிகேட் (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கட்டிவிட்டுத் தவிக்காதீர்கள்.

எஃப்டி போட்டால் கார்டு தருவார்களாமே?

உங்கள் நிலைமைக்கு அதுதான் சரியான வழி. வைப்புத்தொகையே பிணை என்பதால் ஸ்கோர் பெரிய தடையாக இருக்காது. பொதுவாக எஃப்டியில் 75 முதல் 100 சதவீதம் வரை லிமிட் கிடைக்கும். கார்டு இருக்கும்வரை அந்த எஃப்டியை உடைக்க முடியாது, வட்டி வந்துகொண்டிருக்கும். கார்டு விவரம் கிரெடிட் நிறுவனங்களுக்குப் போகுமா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். போகாவிட்டால் ஸ்கோருக்குப் பயனில்லை.

வாங்கிய பிறகு பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. லிமிட் 20,000, செலவு 15,000, கெடு தேதிக்குள் முழுதும் கட்டியாயிற்று. ஆனாலும் ஸ்கோர் அசையாது. காரணம், பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் போடும் நாளில் உள்ள பாக்கிதான் பதிவாகிறது. அது லிமிட்டில் 75 சதவீதம். ஸ்டேட்மென்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே 10,000 கட்டிவிட்டால் 25 சதவீதமாகிவிடும். 30-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகையை மட்டும் கட்டினால் போதுமா?

தாமதம் என்று பதிவாகாது, அவ்வளவுதான். மீதிப் பாக்கிக்கு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. புதிதாக வாங்குவதற்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

நான் வாங்காத கடன் ஒன்று என் அறிக்கையில் இருக்கிறது.

அந்த அறிக்கையைத் தந்த கிரெடிட் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகப் புகார் பதியலாம். ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் நடக்கும், எனவே அவருக்கும் அதே நாளில் எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. புகார் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். ரிசர்வ் வங்கியின் குறைதீர் அதிகாரியான ஒம்புட்ஸ்மேனிடம் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.