525 மடங்கு பெரிதாகக் காட்டும் தொலைநோக்கியை வாங்கலாமா?

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு தொலைநோக்கி வாங்கித் தர எண்ணுகிறேன். இணைய விற்பனையில் 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று விளம்பரம் செய்கிறார்கள். சற்றே கூடுதல் விலையில், எடைக்கட்டியுடன் கூடிய நிலநடுவரைத் தாங்கியில் பொருத்திய இன்னொன்றும் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: 525 என்ற எண்ணைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வகைத் தொலைநோக்கியின் குவியத் தூரம் பெரும்பாலும் 700 மில்லிமீட்டர். அதில் 4 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள கண்ணருகு வில்லையை, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையைப் பொருத்தினால், 700ஐ 4ஆல் வகுத்து 175 மடங்கு கிடைக்கும், உருவத்தை மேலும் மூன்று மடங்கு பெரிதாக்கும் பார்லோ வில்லையையும் இடையில் செருகினால் 525 ஆகிவிடும். கணக்கு சரிதான், ஆனால் வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரு மடங்குக்கு மேல், அதாவது இங்கே 140 மடங்குக்கு மேல், உருவம் பெரிதாவதற்கேற்ப மங்கிக் குழம்புமே தவிரப் புதிதாக எதுவும் தெரியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது முன்வில்லையின் விட்டத்தை. இருளில் முழுதும் விரிந்த 7 மில்லிமீட்டர் கண்மணியோடு ஒப்பிட்டால், 70 மில்லிமீட்டர் வில்லை நூறு மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. 50 மில்லிமீட்டர் வில்லையோ அதில் பாதியளவுதான் சேர்க்கும். கண்ணருகு வில்லைகளின் குழல் விட்டம் 1.25 அங்குலமா என்று கேளுங்கள். பழைய 0.965 அங்குல அளவென்றால், பின்னாளில் நல்ல வில்லை ஒன்றை மாற்றிக்கொள்வது கடினமாகிவிடும்.

விட்டத்துக்கு அடுத்தபடி முக்கியமானது தாங்கி; மலிவான தொலைநோக்கிகள் பரணுக்குப் போய்ச் சேருவதற்குப் பெரும்பாலும் ஆடும் முக்காலியே காரணம். குழாயை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், இரண்டு மூன்று நொடிகளில் உருவம் அடங்க வேண்டும். நிலநடுவரைத் தாங்கியை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வானத்தின் சுழற்சியைப் பின்தொடர்வதற்கான தாங்கி அது; அதற்காக அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். மதுரையிலோ அந்த நட்சத்திரம் தொடுவானிலிருந்து சுமார் 10 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு தாழச் சாய்த்தால் பல மலிவுத் தாங்கிகளில் எடைக்கட்டி முக்காலியின் காலில் இடிக்கும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கியே பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு ஏற்றது.

ஆகவே விளம்பரத்தைப் பொருட்படுத்தாமல், முக்காலி உறுதியாக இருந்தால் முதலாவதையே வாங்கலாம். 25 மில்லிமீட்டர் வில்லையில் 28 மடங்கும், 10 மில்லிமீட்டர் வில்லையில் 70 மடங்கும் கிடைக்கும். கலிலியோ 1610இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில்தான். சனியின் வளையம் சிறிதாயினும் தெளிவாகத் தெரியும். நிலவைப் பௌர்ணமியன்று பார்க்க வேண்டாம். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய மாலைகளில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் நிழல் நீண்டு விழுவதால், அவற்றின் ஆழம் கண்ணுக்குப் புலப்படும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வண்ண நெபுலாக்களை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: ஓரியன் நெபுலா உங்கள் கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகைத்திட்டாகவே தெரியும் என்பதை மகளிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சொன்ன விட்டமோ வில்லைகளோ இல்லாத பொருள் வந்துசேர்ந்தால், விளம்பரப் பக்கத்தின் படத்தையும் விலைப்பட்டியலையும் வைத்து முதலில் விற்பனையாளரிடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களையும் உள்ளடக்கியது. 525 மடங்கு என்பதை மட்டும் வைத்து வழக்காடுவது எளிதன்று. கணக்குப்படி அது பொய்யில்லையே!

கேள்வி: நான் வாங்கிய தொலைநோக்கியுடன், கண்ணருகு வில்லையில் திருகிப் பொருத்தும் கறுப்புக் கண்ணாடி ஒன்று தந்தார்கள். அதன் வழியே சூரியனைப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. குவிந்த வெப்பம் முழுவதும் அந்தச் சிறு கண்ணாடியில் விழுவதால் அது திடீரென்று விரிசல் விடலாம். அடுத்த கணமே பார்வை போய்விடக்கூடும். அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். குழாயின் முன்வாயை முழுதாக மூடும், சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட வடிகட்டி மட்டுமே பாதுகாப்பானது. அதைப் பொருத்தும்போதும் குறிபார்ப்பதற்காகப் பக்கத்திலிருக்கும் சிறு தேடுநோக்கியைக் கழற்றி வையுங்கள், அல்லது மூடிவிடுங்கள்.